திரும்பிப் பார்க்காதவர்கள்

கண்டியில் வாகனம் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை அவர் ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருப்பார். மீதிப் பேர் அவர் லீவு எடுத்த நாளில் போய் லைசன் எடுத்தவர்கள் என்று எங்கள் லேனில் ஒரு பேச்சு உண்டு. சாரதிகளைப் பரீட்சிக்கிற அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து மனிதர். அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மேலே, கல்படி ஏறிப் போனால் வருகிற வீட்டில் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன் கனடாவில். லேனில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவர் ‘சேர்’தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரையும் நான் கண்டதில்லை.

கிளச்சைச் சட்டென்று விட்டால் மன்னிப்பாராம். கியரைப் போட்டு அறுத்தாலும் மன்னிப்பாராம். ரோட்டில் நடந்து போகிற ஆளுக்கு வழி விடாமல் போனால் மட்டும் அத்தோடு சரி. கோபிக்க மாட்டார். வாகனத்தை ஓரங்கட்டச் சொல்லி, “நல்லது தம்பி, இன்னொருக்கா வாங்கோ” என்பார். அந்தக் குரலின் இதத்தில் மயங்கி, பாஸ் என்று நினைத்து வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

“ரோட்டு நடக்கிறவையின்ர சொத்து, பிள்ளை. எங்களுக்கு அது இரவல்.” இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது. இப்போது அந்தக் குரலை ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லேனில் உள்ள கத்தோலிக்கச் சனத்தைத் தன் பழைய நீலக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். அது அவர் மனைவி தொடங்கி வைத்த பழக்கம். அந்த அம்மா போன பிறகும் சேர் அதை விடவில்லை. முன் சீட்டில் நான். பின் சீட்டில் தையல்கார அண்ணனும் அவர் மனைவியும் என் அம்மாவும். தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள் அம்மா. காரில் பூசைக்குப் போவதென்றால் அவளுக்கு அவ்வளவு பெருமை; தெரிந்த ஆட்கள் பார்க்க வேண்டும் என்று மழையிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வருவாள். அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் இனிமேல் அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்றாள்.

எங்கள் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் மலையை வெட்டிக் கட்டிய மதில். மேல் வீடுகளிலிருந்து வருகிற குறுக்குப் படிகள் அந்த மதிலடியில்தான் வந்து இறங்கும். எதிர்ப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அந்தோனியார் சிலை. முன்பு எப்போதோ அந்த இடத்தில் லொறி ஒன்று பாய்ந்து, நடந்து போன சனம் செத்ததாகச் சொல்வார்கள். எத்தனை பேர், எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

ஒரு ஞாயிறு காலை, மலையில் பனிமூட்டம் கலையாத நேரம், சேர் அந்த வளைவில் காரை நிறுத்தினார். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பி, “போங்கோ, போங்கோ” என்றார். பிறகு காத்திருந்தார். அவருடைய தலை மதில் பக்கமிருந்து அந்தோனியார் பக்கத்துக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. ரோட்டைக் கடக்கிற ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை எப்படித் திரும்புமோ அப்படி. அதுவும் வயசான ஆளின் நடை. தலை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கியரைப் போட்டுக் காரை எடுத்தார்.

பின் சீட்டில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“யாரு சேர் அது?” என்றேன்.

“ஆரெண்டு தெரியேல்லை. வெள்ளைச் சீலை, கையில பூ. பாவம், ஏலாத மனிசி.”

நான் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அந்தோனியார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் ஒரு ஆள், அடுத்த வாரம் ஒரு கூட்டம். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வெறும் ரோட்டைப் பார்த்து, “பிள்ளையின்ர கையைப் பிடியுங்கோ அம்மா, கையைப் பிடியுங்கோ!” என்று சத்தம் போட்டார். பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று பிரேக் அடித்து, எங்கள் காரை முட்டாமல் மயிரிழையில் நின்றது. ட்ரைவர் சிங்களத்தில் வண்டி வண்டியாய்த் திட்டிக்கொண்டு இறங்கி வந்து, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆ… சேர்” என்று சொல்லிப் பேசாமல் திரும்பிப் போனான். அவனையும் ஒரு காலத்தில் இன்னொருக்கா வரச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

தையல்கார அண்ணனின் மனைவிக்கு இது போதாதா? அந்த வளைவில் செத்ததுகளுக்குத்தான் சேர் வழி விடுகிறார் என்று லேன் முழுக்கப் பரப்பிவிட்டாள். நான் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், சிரித்தது வாய் மட்டும்தான்.

அம்மாவை முழுதாய் மாற்றியது ஒரு கதிரை விஷயம். தோட்டத்தில் பறித்த வெண்டிக்காய் கொஞ்சம் கொடுப்பதற்குச் சேர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா ஜன்னலோரக் கதிரையைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க சேர், டீ கொண்டாறேன்” என்றாள்.

சேர் உட்காரவில்லை. “இல்லை, அதில அவர் இருக்கிறார். நான் இதில இருக்கிறன்” என்று சொல்லி, மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று. “யாருங்க சேர்?”

“தொப்பி போட்ட ஒராள். கறுத்தக் கோட்டு.” ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். டீயை ரசித்துக் குடித்தார். போகும்போது அந்தக் கதிரைப் பக்கமும் தலையசைத்து விடைபெற்றுக்கொண்டு போனார்.

அவர் படி ஏறும் வரைக்கும் பொறுத்திருந்த அம்மா, “உங்கப்பாடி” என்றாள். “தொரை குடுத்த பழைய கோட்டுதான் அவரு போடுவாரு, கறுப்புக் கோட்டு.”

“அப்பா எந்தக் காலத்துல தொப்பி போட்டாரு? துண்டுதானே கட்டுவாரு?”

“செத்த பொறவு தொப்பி கெடச்சிருக்கும்” என்றாள் அம்மா. அந்தக் கதிரையைப் பின் அறைக்குக் கொண்டு போய், அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள். அன்றோடு காரில் ஏறுவதை விட்டாள். பூசைக்குக் குறுக்குப் படி வழியாக, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகத் தொடங்கினாள். அந்தப் படிகள் கொண்டுபோய் விடுவதும் அதே வளைவில்தான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சேரின் கண் நம் மேல் பட்டால், அவர் பின்னால் வருகிறதுகள் நம் பின்னால் வந்துவிடும் என்று தையல்கார அண்ணனின் மனைவி ஒரு புதுச் சட்டம் போட்டாள். (அவள் மட்டும் காரை விடவில்லை. பின் சீட்டில் இருந்தால் அவர் கண் படாதாம்.) சேரின் கார் சத்தம் கேட்டதும் லேனில் நிற்கிற சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குழாயடியில் நிற்கிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், யூனிபோர்ம் போட்ட பிள்ளைகள், எல்லாரும் மதிலைப் பார்த்து நிற்பார்கள். பனிமூட்டத்துக்குள் கார் ஊர்ந்து போகும். இரு பக்கமும் முதுகுகள். முகமே இல்லாத ஒரு ஊருக்குள் போவது போல இருக்கும்.

சேருக்கும் அது புரிந்திருந்தது. “ஏன் பிள்ளை, சனம் இப்ப சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது?” என்று ஒருநாள் கேட்டார்.

“வெயில் சேர், கண்ணு கூசுது” என்றேன். அன்றைக்கு வெயிலே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துத் திட்டினேன். “பெத்த பிள்ளை மாதிரி நம்மளப் பாக்குற மனுசன். பேயக் கண்ட மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

“நீ படிச்சவ. ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்று முடித்துவிட்டாள்.

நான் படித்தது பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. கண்டி டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். எழுத்துப் பலகையைக் காட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப நல்லாருக்கா, முன்ன நல்லாருந்துச்சா?” என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் வேலை. அந்தக் கடைக்கு ஒருநாள் சேரே வந்து நின்றார்.

“கண்ணாடியை மாத்த வேணும், பிள்ளை. கதவு நிலையெல்லாம் வளைஞ்சு தெரியுது.”

உட்கார வைத்துப் பலகையைக் காட்டினேன். கோழி பார்ப்பது போலத் தலையைச் சரித்துக்கொண்டு வாசித்தார்.

“ஏன் சேர் சரிச்சுப் பாக்குறீங்க? நேரா பாருங்க.”

“நேரே பாத்தால் எழுத்து இல்லை. கொஞ்சம் தள்ளிப் பாத்தால் வருது.”

கட்டம் போட்ட அட்டையை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். “நடுவுல என்னா தெரியுது சேர்?”

“நடு இல்லை” என்றார் சாதாரணமாக.

“என் மூஞ்சியப் பாருங்க. மூக்கு தெரியுதா?”

“காது தெரியுது. தலைமயிர் தெரியுது. சத்தத்தில நீங்கள் எண்டு தெரியும்.” கொஞ்சம் தயங்கி, “முகம் இல்லை, பிள்ளை” என்றார். “உங்களுக்கு மட்டும் இல்லை. ஒருத்தருக்கும் இல்லை.”

வயசானவர்களுக்குக் கண்ணின் நடுப் பார்வை தேய்ந்து போகிற நோய் இது. கடைக்கு வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டு வந்த மனிதருக்கு என் முகமே கிடையாது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அப்ப ரோட்டுல நிக்கிறாங்களே சேர், நீங்க வழி விடுறவங்க? அவங்க எப்படித் தெரியிறாங்க?”

“அவை வடிவாய்த் தெரியுது. சீலைக் கரையில இருக்கிற பூவேலை கூடத் தெரியுது.”

பட்டப்பகல். வெளியே மார்க்கட் இரைச்சல். எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது.

“சேர், இனிமே நீங்க கார் எடுக்கக் கூடாது.”

“லைசன் இன்னும் முடியேல்லையே?”

“லைசனுக்குக் கண்ணு இருக்கா சேர்?”

அதற்கு நன்றாகச் சிரித்தார். சாவியைத் தருவதாகச் சொல்லவில்லை. கனடாவுக்குப் போன் போட்டு மகனிடம் சொன்னேன். “அப்பா ஊருக்கே லைசன் குடுத்தவர் அக்கா, அவருக்கு ஒண்டும் ஆகாது” என்றான் அந்தப் புத்திசாலி.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் இழுத்துக்கொண்டு போனேன், த்ரீவீலரில். கண் டொக்டரின் அறைக்குள் அவர் தனியாகப் போனார். வெளியே வாங்கில் உட்கார்ந்து நான் காத்திருந்தேன். திரும்பி வரும்போது தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“எனக்கு விசர் இல்லையாம், பிள்ளை!”

தனக்குப் பைத்தியம் இல்லை என்பதையே த்ரீவீலர் குளத்தங்கரையைச் சுற்றிப் போகும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். “கண்ணால படம் வராட்டி மூளை தானே படம் போடுமாம். கன பேருக்கு இருக்காம். விசரெண்டு சொல்லிப்போடுவினம் எண்ட பயத்தில ஒருத்தரும் வெளியில விடுறேல்லையாம். அது கண் செய்யிற பகிடி, சும்மா விளையாட்டு, கவனிக்காமல் விடுங்கோ எண்டவர்.” பிறகு சத்தம் தணிந்தது. “நானும் யோசிச்சனான். செத்தவை எண்டால் என்ர மனிசி ஒருநாளாவது வராமல் இருப்பாவே?”

நான் வெளியே குளத்தைப் பார்த்துக்கொண்டேன். அவருக்கு என் முகம் தெரியாது என்றாலும் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது.

“டொக்டர் கார் ஓட்ட வேணாம்னு சொல்லலியா சேர்?”

“அதை அவர் கேக்கேல்லை. ஆரோட வந்தனீங்கள் எண்டு கேட்டவர். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட எண்டனான். பொய் இல்லையே?”

“அடக் கடவுளே! சேர், நீங்க…”

“கேளுங்கோ, இனித்தான் நான் ஒழுங்காய் ஓடுவன். இவ்வளவு நாளும் சும்மா நிண்டு நிண்டு, அண்டைக்கு பஸ் வந்து அடிக்கப் பாத்தது. இல்லாத ஆக்களுக்கு நிக்கிறதுதான் ஆபத்து.”

“எது ஆளு, எது படம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அது லேசு. உயிருள்ள ஆள் வாகனச் சத்தம் கேட்டால் திரும்பும், ஒதுங்கும். அவை ஒருநாளும் திரும்பினதில்லை. இவ்வளவு நாளில ஒருத்தராவது என்னைத் திரும்பிப் பாத்ததில்லை.”

லேனில் சுவரைப் பார்த்து நிற்கிற முதுகுகள் எனக்கு ஞாபகம் வந்தன. அவற்றோடு ஒரு கறுப்புக் குடையும் ஞாபகம் வந்தது. “சேர், லேன்ல எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க!” என்று கத்தினேன். “அது வெயிலுக்கெண்டு சொன்னனீங்கள்” என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவின் காலில் விழாத குறையாகச் சொன்னேன். “அவரு கார் வந்தா மூஞ்சியத் திருப்பாதீங்க. நேரா பாருங்க, கையக் காட்டுங்க. இனிமே அவரு நிக்க மாட்டாரு.”

அம்மா சாவகாசமாக அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். “போடி பைத்தியக்காரி. இல்லாதவங்களுக்கே நிக்கிற மனுசன். எனக்கு நிக்க மாட்டாரா?”

சேரிடம் அந்த வாரம் முழுக்கச் சாவியைக் கேட்டுப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன், கோபித்துக்கொண்டும் பார்த்தேன். “நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ” என்றார். நான் ஏறாவிட்டால் தனியாக ஓட்டிக்கொண்டு போவார், அதுதான் நடக்கும். ஞாயிறு காலை வழக்கம் போல முன் சீட்டில் ஏறி, செபமாலையை வலது கையில் சுற்றிக்கொண்டு, அதே கையை ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பனிமூட்டம். லேனில் முதுகுகள். சேர் உற்சாகமாக இருந்தார். “இண்டைக்கும் நிக்கினம், பாருங்கோ. தேவாலயத்துக்குப் போற மாதிரி உடுத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டம்.” கால் பிரேக்குக்குப் போகவில்லை. “போறம், போறம்” என்று சொல்லிக்கொண்டே வெறும் ரோட்டில் காரை விட்டார். ஆட்களுக்குள்ளே புகுந்து போவது போல அவர் உடம்பு மட்டும் கொஞ்சம் கூசியது. பின் சீட்டில் தையல்கார அண்ணனின் மனைவி அருள் நிறைந்த மரியே செபம் சொல்லத் தொடங்கினாள்.

வளைவு வந்தது. மதிலடியில் படிகளிலிருந்து ஒரு கறுப்புக் குடை இறங்கியது. கார்ச் சத்தம் கேட்டதும் குடை எங்கள் பக்கமாகச் சரிந்தது. அதற்கு அப்பால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அம்மா ரோட்டில் இறங்கி நடந்தாள். அவர் நிற்பார் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

“அங்கயும் ஒண்டு” என்றார் சேர். “கறுத்தக் குடை. திரும்பேல்லை.”

“சேர், அது அம்மா!”

“இல்லை பிள்ளை. பயப்பிடாதையுங்கோ.”

என்ன மென்மையான குரல்! ஃபெயில் என்று சொல்கிற அதே குரல். நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். காரின் பின்பக்கம் வெட்டித் திரும்பி மதிலில் மோதியது. எல்லாரும் முன்னால் வீசப்பட்டோம். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், குடை கார்ச் சில்லுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. பம்பருக்கு ஒரு சாண் அப்பால் அம்மா நின்றாள். அப்போதும் அந்தோனியாரைப் பார்த்தபடிதான் நின்றாள். பிறகுதான் மெல்லத் திரும்பினாள்.

சேர் அசையாமல் இருந்தார். “பிள்ளை, அங்க ஆரும் நிக்கினமோ?”

“அம்மா நிக்கிறாங்க சேர்.”

“உண்மையாயோ?”

“உண்மையா சேர்.” எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் இறங்கினார். பொனட்டைப் பிடித்துப் பிடித்துப் போய், கையை முன்னால் நீட்டித் துழாவினார். விரல் அம்மாவின் மணிக்கட்டில் பட்டது. நெருப்பில் பட்டது போலக் கையை எடுத்தார். பிறகு திரும்பவும் தொட்டுப் பிடித்துக்கொண்டார். “சூடாய் இருக்கு” என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சேர் திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தார். தன்னுடைய அந்தப் பழைய உத்தியோகக் குரலில், “நல்லது” என்றார். நாங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “இனி வரத் தேவையில்லை.”

சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடிவிட்டார். அவர் ஃபெயில் ஆக்கிய இத்தனை சனத்திலும், இன்னொருக்கா வாங்கோ என்று அவர் சொல்லாமல் விட்டது தன்னிடம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவர் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு லேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முதலில் படி ஏறிப் போனவள் அம்மாதான். அவர் முன்னால் நின்று, “சேர், நான்தான் நிக்கிறேன். ஒங்களத்தான் பாக்குறேன்” என்றாள். லேன் சனத்துக்கும் சூடு சுரணை வந்தது. அந்த வீட்டைக் கடக்கிற ஒவ்வொருவரும் திரும்பி நின்று அவரைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தையல்கார அண்ணனின் மனைவிகூட. சேர் கையைத் தூக்குவார்.

கடைசியில் ஒருநாள் காலை நான் பாணும் சம்பலும் கொண்டு போனபோது, சேர் வாசல் கேற்றையே பார்த்தபடி இருந்தார்.

“பிள்ளை, இண்டைக்கு ஒராள் என்னைத் திரும்பிப் பாத்தவ.”

“அம்மாவா இருக்கும் சேர்.”

“உங்கட அம்மா எண்டால் கதைப்பா. இவ கதைக்கேல்லை. வெள்ளைச் சீலை, கையில பூ. கேற்றடியில நிண்டு திரும்பிப் பாத்தவ. முகம் வடிவாய்த் தெரிஞ்சது.”

“சேரோட மிஸ்ஸிஸா?”

“அப்பிடிச் சொல்ல ஆசைதான். அவ இல்லை. ஆரெண்டே தெரியேல்லை.” அவர் கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். “இப்பிடி, போங்கோ எண்டு எனக்கு வழி விட்டவ.”

“கண்ணு செய்யுற பகிடி சேர்” என்றேன்.

“ஓம், ஓம்” என்றார். பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார், கதிரையில் இருந்தபடியே.

பெட்டியை வாகனத்தில் ஏற்றக் கூடாது, தோளில்தான் கொண்டு போக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். ரோட்டு நடக்கிறவர்களின் சொத்து அல்லவா? கோயிலுக்கு நடந்து போனோம். எதிரில் வந்த பஸ்கள், லொறிகள், த்ரீவீலர்கள் எல்லாம் ஓரங்கட்டின. எத்தனை ட்ரைவர்மார் இறங்கி நின்றார்கள்! இன்னொருக்கா வந்தவர்கள்.

வளைவில், பெட்டியும் சனமும் கடந்து போன பிறகு, கடைசியாக அம்மாவும் நானும் வந்தோம். அந்தோனியாருக்குப் பக்கத்தில் ஒரு த்ரீவீலர்காரர் இன்னும் கையைக் காட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது மனிதர், நல்ல கண்கள்.

“நாங்கதாங்க கடைசி. நீங்க போங்க” என்றேன்.

“இல்ல மிஸ், பின்னால ஒரு அம்மா வர்றாங்களே. பூ வச்சிக்கிட்டு, மெதுவா. அவங்க போகட்டும்.”

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எத்தனையோ நாள் மதிலைப் பார்த்து நின்ற என் அம்மா, “திரும்பிப் பாருடி” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை. த்ரீவீலர்காரர் கையை இறக்கவில்லை. அவருடைய தலை, மதில் பக்கமிருந்து, வயசான ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், மெல்ல மெல்ல எங்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கி வழி விட்டோம்.